வடக்கு ஜன்னல்

ஓவியம் வரைய வடக்கு வெளிச்சம்தான் நல்லது
என்று கல்லூரியில் சொன்னார்கள்.
நாளெல்லாம் மாறாதாம். நிழல் ஓடாதாம்.
காலடிப்பேட்டையில், எத்திராஜின் லேத்துப் பட்டறைக்கு மேலே
வடக்கு பார்த்த ஜன்னலோடு ஓர் அறை எடுத்தேன்.
மாதம் நாலாயிரத்து ஐநூறு. கரண்ட் தனி.

அவர்கள் சொன்ன வடக்கு வேறு யாருடையதோ.
என் வடக்கில் எண்ணூரின் புகைபோக்கிகள் நிற்கின்றன.
சற்றே இடப்பக்கம், இரவில்,
மணலியின் சுடர் எரிகிறது; காற்று திரும்பினால்
என் சுவரும் கூடவே திரும்புகிறது.
காலை ஆறரைக்குக் கடல் ஒரு வெள்ளையை அனுப்பும்.
பத்து மணிக்கு அதையே கன்டெய்னர் லாரிகள்
புழுதியில் புரட்டித் திருப்பிக் கொடுக்கும்.
மாறாத வெளிச்சம் என்று இங்கே நான் கண்டது
டியூப்லைட் ஒன்றுதான்.
அதுவும் முனையில் கறுத்துவிட்டது.

துணி, லாரிக்குப் போர்த்திக் கழித்த தார்ப்பாய்.
கத்தி, பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு.
ஜன்னல் கட்டையை ஒரு வாரம் துடைக்காமல் விட்டால்
ஒரு தேக்கரண்டி சாம்பல் தேறும்.
அதைக் குழைத்தால் வெள்ளைக்கு ஒரு சோர்வு வரும்,
எந்தக் கடையிலும் விற்காத சோர்வு.
பூசுவேன். காயுமுன் வழிப்பேன். மறுபடி பூசுவேன்.
கீழே அவன் இரும்பைச் சீவுவதும்
மேலே நான் சீவுவதும்
சில மதியங்களில் ஒரே தாளத்தில் விழும்.
அவனுக்குச் சுருள் சுருளாய் மிஞ்சும்.
எனக்கு ஒரு வாளி அழுக்குத் தண்ணீர்.

ஒன்பது வருடமாய் ஒரே சுவரை வரைகிறேன்.
யாரும் அதைச் சுவர் என்று சொன்னதில்லை.
ஒருவர் ‘வயலா?’ என்றார்.
நல்ல மனிதர், வாங்கவும் செய்தார்.

எனக்கு எட்டு வயது. கடல் எங்கள் தெருவை
கிழக்கிலிருந்து ஒவ்வொரு வீடாய் எண்ணிக்கொண்டு வந்தது.
எங்கள் முறை வந்த விடியலில்
வாசல் போனது, அடுப்படி போனது, கூரை போனது.
ஒரு சுவர் மட்டும் நின்றது,
நீலமாய், காலண்டர் ஆணியோடு.
அதற்குப் பின்னால்
இருக்கக்கூடாத கிட்டத்தில் கடல்.

அந்த நீலம்தான் எனக்கு வேண்டும்.
சுண்ணாம்பில் கை தவறி
சொட்டுநீலம் கூட விழுந்துவிட்ட நீலம்.
போன மாதம் போனில் அக்காவிடம் சொன்னேன்.
தேசராணி மீன் அரிந்துகொண்டே பேசுபவள்.
“நீலமா? போடி. பச்சை அது, கிளிப்பச்சை.”

அன்றிலிருந்து தார்ப்பாயில்
இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.
பகலில் நான் ஜெயிப்பேன்.
மாலை நாலரைக்கு மேல் அவள்.

வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் போனது.
ஃபியூஸ் பார்க்க ஏறி வந்த எத்திராஜ்
டார்ச்சை அணைத்துவிட்டு நின்றான்.
மணலிச் சுடர் அன்று உயரமாய் எரிந்தது.
அந்த ஆரஞ்சில் என் நீலமும் இல்லை, அவள் பச்சையும் இல்லை.
எல்லாம் நனைந்த சாக்கின் கறுப்பு.
ஆணி இருந்த இடத்தில் வைத்த சாம்பல் வெள்ளை மட்டும்
மினுக் மினுக்கென்றது.
“இதாங்க நல்லாருக்கு,” என்றான்.
எது என்று சொல்லாமல் இறங்கிப் போனான்.

அப்போதே அக்காவை எழுப்பினேன்.
அன்னிக்கு மணி என்ன? வெயில் வந்துடுச்சா?
யாராவது லாந்தர் பிடிச்சிருந்தாங்களா?
வெகுநேரம் லைனில் அவள் மூச்சு மட்டும்.
“வீடா இருந்தப்போ பச்சைதான்.
அன்னிக்கு எனக்கு எப்டித் தெரியும்?
நான் எங்க செவுத்தப் பாத்தேன்,
அம்மாவத்தான் பாத்துக்குனு இருந்தேன்.”

நான் சுவரைப் பார்த்திருக்கிறேன்.
அம்மா எந்தப் பக்கம் நின்றாள், கையில் என்ன வைத்திருந்தாள்,
ஒன்பது வருடத் துணியில் எங்கும் இல்லை.

விடிவதற்குள், வலது ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு
தார்ப்பாய் தெரியும்வரை தகட்டால் சுரண்டினேன்.
யாரோ ஒரு லாரிக்காரனின் போன் நம்பரில்
பாதி வெளியே வந்தது.
அதன்மேல் இன்னும் எதுவும் வைக்கவில்லை.
மணி ஆறே முக்கால்.
வெள்ளை இன்று கொஞ்சம் தாமதம்.